வில்பர் ரைட் சரித்திரமும் அஃது இளைஞர்க்கு உணர்த்தும் பாடமும்

சீவக சிந்தாமணியைக் கற்றோர் மயிற்பொறியை மறவார். சச்சந்தன் என்னும் வேந்தன் தனக்குக் கேடு சூழ்தலை முன்னுணர்ந்து, கருவுற்றிருந்த தேவி விசயையைக் காக்கும் பொருட்டுக் கைவல் கம்மியன் ஒருவனைக் கொண்டு மயில் வடிவாகிய வானவூர்தி ஒன்றைச் செய்வித்தான். அதன் பொறியை வலப்புறம் திருப்பினால் மேலெழும். இடப்புறம் திருப்பினால் கீழிறங்கும். இக்கதையைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் நம் குலத்துச் சிறார் முகம் மலர்தலை யான் கண்டிருக்கின்றேன். அம் மயிலைச் செய்தவனும் நம்மனோருள் ஒருவன் என்னும் பெருமிதமே அம் மலர்ச்சிக்குக் காரணமாகும்.

பெருமிதம் தவறன்று. ஆயினும் புலவர் உள்ளத்தே பறந்த மயில் வேறு. மண்ணினின்றும் மெய்யாகவே மனிதனைச் சுமந்து எழுந்த பொறி வேறு. முன்னதைச் சான்றாகக் காட்டி, நம் முன்னோர் விமானம் விட்டனர் என்று மேடைதோறும் முழங்குதலால் நம் மக்களுள் ஒருவனேனும் ஓர் ஆணியையும் புதிதாக அறைந்தானில்லை. அக்கதையிலே நாம் கைக்கொள்ளத் தக்கது பிறிதொன்று உண்டு. ஊர்தி முற்றுப்பெற்றவுடன் வேந்தன் தேவியை அதில் ஏற்றி அனுப்பிவிடவில்லை. அதனை இயக்கும் முறையை முதலிற் பயிற்றுவித்தான். பொறி செய்தல் ஒன்று, அதனை ஆளக் கற்றல் மற்றொன்று என்னும் இவ்வுண்மையை நூலாசிரியர் உணர்ந்திருந்தார்.

நம் சங்கத்து இளைஞர் சிலர், ஆகாய விமானத்தை வீட்டிலேயே கட்டிப் பறத்தல் இயலுமா, இயலுமாயின் எங்ஙனம் தொடங்குதல் வேண்டும் என என்னை வினவினர். இலக்கணமும் இலக்கியமும் கற்பிக்கும் எளியேன் அதற்கு நேர்விடை கூறத் தக்கவன் அல்லேன். ஆதலின், சைக்கிள் கடையின் பின்னறையிலே விமானம் கட்டத் தொடங்கி அதனை வானில் எழுப்பியவராகிய வில்பர் ரைட் என்பாரது சரித்திரத்தையே அவ்வினாவிற்கு விடையாக ஈண்டு வரைகின்றேன்.

பிறப்பும் வளர்ப்பும்

வில்பர் ரைட், அமெரிக்க ஐக்கிய நாட்டின் இண்டியானா மாகாணத்தில் மில்வில் என்னும் சிற்றூரின் அருகே 1867-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் மில்ட்டன் ரைட் கிறிஸ்தவ சபையொன்றில் குருவாக இருந்து, பின்னர் அத்தியட்சர் பதவியை அடைந்தவர். தாயார் ஸூஸன் அம்மையார், வண்டி கட்டும் தொழிலாளி ஒருவரின் மகளார். தந்தையின் பட்டறையிலே வளர்ந்தமையால் கருவிகளைக் கையாளும் திறம் அவ்வம்மையார்க்கு இயல்பாயிற்று. வீட்டிலே யாதேனும் பழுதுபட்டாற் பிள்ளைகள் தந்தையிடம் செல்லார், தாயிடமே செல்வர். தந்தையிடம் பெற்றது நூலறிவு. அவ்வில்லத்தில் இரண்டு நூல்நிலையங்கள் இருந்தன. தாயிடம் பெற்றது கைத்தொழில். இவ்விரண்டும் ஓரில்லத்தே கூடியமையே பின்னர் விளைந்தவற்றிற்கெல்லாம் வித்தாயிற்று என்க.

வில்பருக்கு நான்காண்டு இளையவர் ஆர்வில்; 1871-ஆம் ஆண்டு ஒஹாயோ மாகாணத்து டேட்டன் நகரிற் பிறந்தவர். கடைக்குட்டியாகிய காதரின் என்னும் தங்கை 1874-இல் தோன்றினார். 1878-ஆம் ஆண்டில் தந்தையார் ஊர் சென்று மீளுகையில் ஒரு விளையாட்டுப் பொருளைக் கொணர்ந்தார். தக்கையும் மூங்கிலும் காகிதமும் கொண்டு செய்யப்பட்ட அச்சிறு பொறி, முறுக்கிய ரப்பர்க் கயிற்றின் விசையால் விசிறி சுழன்று கூரை மட்டும் எழும்பிற்று. அஃது உடைந்தபின் சிறுவர் இருவரும் அதனைப் போன்றே தாமே பல செய்தனர். சிறியவை நன்கு பறந்தன. பெரியனவாகச் செய்யச் செய்ய அவை பறக்க மறுத்தன. அதன் காரணத்தை அந்நாளில் அவர்கள் அறிந்திலர். ஆயினும் அளவு மாறினால் நடையும் மாறும் என்னும் முதற்பாடம் அங்கே கிடைத்துவிட்டது.

வில்பர் கல்வியில் வல்லவர். யேல் சர்வகலாசாலைக்கு அனுப்பவும் பெற்றோர் எண்ணியிருந்தனர். அவ்வமயம், 1885-86-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில், பனிக்கட்டியின்மேற் பந்தாடுகையில் எதிரே நின்றவன் கைக்கோல் அவர் முகத்தில் தாக்கிற்று. முன்பற்கள் உடைந்தன. அதனைத் தொடர்ந்து வயிற்றுக் கோளாறும் நெஞ்சுத் துடிப்பும் வந்து வருத்தின. மேற்கல்வி கைவிடப்பட்டது. அந்நாளில் தாயாரையும் காசநோய் பற்றியது. தோழர்கள் கல்லூரிக்கும் உத்தியோகத்துக்கும் செல்ல, வில்பர் மூன்றாண்டு காலம் வீட்டிலிருந்து அன்னைக்குப் பணிவிடை செய்தார். எஞ்சிய நேரத்தில் தந்தையின் நூல்களைப் படித்தார். 1889-ஆம் ஆண்டு ஜூலை 4-ஆம் நாள் அன்னையார் காலமாயினார். பயனற்றுப் போயிற்றென்று பிறர் கருதிய அவ்வாண்டுகளே, ஒருபொருளைத் தனித்திருந்து ஆழ்ந்து நினைக்கும் பழக்கத்தை அவர்க்கு அளித்தன.

தொழில்

ஆர்வில் அச்சுத்தொழிலிற் பித்துக்கொண்டவர். உடைந்த கல்லறைக் கல்லும் பழைய வண்டியின் உறுப்புக்களும் கொண்டு அவர்கள் ஓர் அச்சு இயந்திரத்தையே இயற்றினர். 1889-இல் ஒரு சிறு பத்திரிகையும் நடத்தினர். பின்னர் 1892-இல் சைக்கிள் பழுதுபார்க்கும் கடை வைத்தனர். 1896 முதல் தம் கையாலேயே சைக்கிள் செய்து விற்றனர். எளிய வாழ்க்கை, கடனில்லாத வருவாய். இவர்கள் விமானத்திற்குச் செலவிட்ட பொருள் இச் சைக்கிள் விற்ற காசேயன்றிப் பிறிதில்லை.

சைக்கிள் தொழில் பொருளை மட்டும் தந்ததன்று, கருத்தையும் தந்தது. சைக்கிள் தானே நில்லாது. ஏறியவன் கணந்தோறும் சாய்ந்தும் நிமிர்ந்தும் திருப்பியும் அதனை நிலைநிறுத்துகின்றான். முதல்நாள் இயலாதது பத்தாம்நாள் எண்ணாமலே இயலும். வானவூர்தியும் இத்தகையதேயாகும் என்பது பின்னர் வில்பருக்குத் தோன்றிற்று. அந்நாளிற் பிறரெல்லாம் கப்பலைப் போலத் தானே நிலைத்து நிற்கும் ஊர்தியைத் தேடினர். இவரோ, ஏறுபவன் ஆண்டு நடத்தும் ஊர்தியைத் தேடினார். இவ்வேறுபாடே இவரது வெற்றியின் வேர்.

எண்ணம் உதித்தல்

ஜெர்மனி தேசத்தில் ஆட்டோ லிலியெந்தால் என்னும் பொறிவல்லார் ஒருவர் இருந்தார். எஞ்சின் இல்லாது காற்றிலே வழுக்கிச் செல்லும் கிளைடர் என்னும் சிறகுப் பொறிகளைச் செய்து, குன்றின் மேலிருந்து சுமார் 2000 முறை பறந்து காட்டியவர். உடலை இப்புறமும் அப்புறமும் சாய்த்தே அவர் அதன் நிலையைக் காத்துவந்தார். 1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் காற்று ஒன்று வீசி அவர் பொறியை நிறுத்திவிட, வீழ்ந்து முதுகெலும்பு முறிந்து மறுநாள் உயிர்துறந்தார். இச்செய்தியை வில்பர் படித்தபோது அவர்தம் தம்பி ஆர்வில் குடற்சுரத்தால் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். தம்பியின் படுக்கையருகே அமர்ந்திருந்த அந்நாட்களிலேதான், சிறுவயதில் உறங்கிய ஆசை மீண்டும் விழித்தது.

1899-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், வாஷிங்டன் நகரிலுள்ள ஸ்மித்ஸோனியன் கழகத்துக்கு வில்பர் ஒரு கடிதம் விடுத்தார். பறத்தலைப் பற்றி இதுகாறும் வெளிவந்த நூல்களுள் கிடைப்பனவற்றை வேண்டினார். தாம் வீணாசைக்காரர் அல்லர் என்றும், முன்னோர் அறிந்தவற்றை முற்றும் அறிந்தபின் தம்மால் இயன்ற சிறிதை அதனோடு சேர்க்கவே விரும்புகின்றார் என்றும் அதிற் குறித்திருந்தார். கழகத்தார் சில சிறு நூல்களையும் படிக்கத் தக்கவற்றின் பட்டியலையும் அனுப்பினர். ஆகவே, விமானம் கட்டுவதற்கு வில்பர் முதலில் எடுத்த கருவி உளியன்று, சுத்தியலன்று. நூலே என்பதை அன்பர்கள் நினைவிற் கொள்க.

படித்தவற்றிலிருந்து அவர் ஒன்றைத் தெளிந்தார். பறத்தற்கு வேண்டுவன மூன்று: தூக்கும் சிறகு, உந்தும் எஞ்சின், நிலைகாத்து நடத்தும் ஆட்சி. முதலிரண்டிற்கும் வழி ஓரளவு புலப்பட்டிருந்தது. மூன்றாவதை ஒருவரும் கண்டிலர். லிலியெந்தாலை மாய்த்ததும் அதுவே. ஆகவே அதையே முதலில் தேடவேண்டும் என்று துணிந்தார். பருந்தினம் காற்றிற் சாயுங்கால் சிறகின் நுனிகளை முறுக்கி நிமிர்தலை உற்று நோக்கினார். ஒருநாள் கடையிலே, சைக்கிள் ரப்பர்க் குழாய் வைத்திருந்த நீண்ட அட்டைப்பெட்டி ஒன்றை வாடிக்கைக்காரரோடு பேசியவண்ணமே கையால் முறுக்கினார். பெட்டியின் ஒருமுனை ஒருபுறமும் மறுமுனை மறுபுறமும் திரும்பின. இருதட்டுச் சிறகையும் இவ்வாறே கயிற்றால் முறுக்கலாம் என்பது அக்கணமே விளங்கிற்று. உடனே விமானம் கட்டத் தொடங்கினார் அல்லர். 5 அடி அகலமுள்ள காற்றாடி ஒன்று செய்து, அதே கோடைகாலத்தில் ஊர்ப்புறத்தே பறக்கவிட்டு, கயிற்றை இழுத்துத் தம் கருத்து மெய்யென்று கண்டார்.

மணற்குன்றிற் பயின்றமை

அடுத்து வேண்டியது ஆளைச் சுமக்கும் கிளைடர். அதற்கு இடைவிடாக் காற்றும், வீழ்ந்தால் நோகாத மணலும் வேண்டும். அரசாங்க வானிலை இலாகாவின் கணக்குகளை ஆராய்ந்து, வட கரோலினா மாகாணத்துக் கடலோரத்தில் கிட்டி ஹாக் என்னும் ஏழைச் செம்படவர் குடியிருப்பைத் தேர்ந்தார். 1900-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் தனியே புறப்பட்டார். வழியில் அவர் விரும்பிய நீண்ட மரம் கிடைக்கவில்லை. கிடைத்த 16 அடிப் பைன் மரத்தை வாங்கிச் சிறகின் அகலத்தைக் குறைத்துக்கொண்டார். ஓட்டைப் படகொன்றிற் புயலிடையே சென்ற இரண்டு நாளும், தங்கை பெட்டியில் வைத்தனுப்பிய பழப்பாகு ஒரு குப்பியே அவர்க்கு உணவாயிற்று. அவ்வூரில் டேட் என்பவர் இல்லத்தில் தங்கி, அவ்வீட்டம்மையாரின் தையல் இயந்திரத்தில் தாமே அமர்ந்து சிறகுத் துணியை வெட்டித் தைத்தார்.

இவ்வாறு முடிந்த கிளைடரின் அகலம் 17 அடி; செலவு சுமார் 15 டாலர். அதன்மேல் உடனே ஏறிப் பாய்ந்தாரோ எனின், இல்லை. பெரும்பாலும் ஆளின்றிக் கயிற்றிற் கட்டிக் காற்றாடிபோல விட்டு, பாரம் ஏற்றி, இழுக்கும் விசையைத் தராசிட்டு அளந்தனர். நிலத்தினின்றும் சில அடிக்குமேல் எழுவதில்லை என்றும், கீழே மெத்தென்ற மணலே உள்ளது என்றும் தந்தைக்கு எழுதி அவர் கவலையை மாற்றினார். அவ்வாண்டு முழுமையிலும் வில்பர் தாமே வானில் வழுக்கிச் சென்ற நேரம் எல்லாம் கூட்டின் சுமார் இரண்டு நிமிடமே. அவ்விரண்டு நிமிடத்தை அவர் குறைவாகக் கருதவில்லை. ஊர் திரும்புகையிற் கிளைடரை மணலிலேயே விட்டுச் செல்ல, டேட் அம்மையார் அதன் துணியைக் கழற்றித் தம் பெண்மக்கள் இருவர்க்கும் சட்டை தைத்தளித்தார்.

1901-ஆம் ஆண்டு 22 அடி அகலமுள்ள கிளைடரோடு சென்றனர். இம்முறை தோல்வி. லிலியெந்தால் வகுத்த அட்டவணைப்படி கணக்கிட்ட தூக்குவிசையில் மூன்றிலொரு பங்கே கிடைத்தது. சாய்ந்து திரும்புகையில் பொறி எதிர்ப்புறம் சுழன்று மணலில் முட்டிற்று. கொசுக்கூட்டமும் மழையும் வேறு. ரயிலில் ஊர் திரும்புங்கால், தம் ஆயுட்காலத்தில் மனிதன் பறக்கப் போவதில்லை என்று வில்பர் தம்பியிடம் மனம் நொந்து கூறினார். அன்றே அம்முயற்சி முடிந்திருக்கும். சனூட் என்னும் முதிய பொறிவல்லார் அவரைச் சிகாகோ நகரத்துப் பொறியியலாளர் சபையில் உரையாற்ற அழைத்தார். வில்பர் மறுக்க எண்ணினார். தங்கை காதரின் விடாது வற்புறுத்தித் தம்பியின் நல்லுடையை அணிவித்து அனுப்பினார். அவ்வுரையை ஆயத்தம் செய்யும்போது, முன்னோர் கணக்கிலேயே பிழை இருக்கலாம் என்னும் ஐயம் வலுத்தது.

ஐயத்தை வாதத்தால் தீர்க்க முயன்றாரல்லர். 6 அடி நீளமும் 16 அங்குலச் சதுரமுமான மரப்பெட்டி ஒன்று செய்து, அதன் ஒருமுனையில் விசிறி வைத்துக் காற்றைச் செலுத்தி, உள்ளே சிறு சிறகுகளை நிறுத்தி அளந்தனர். அளக்கும் தராசுகள் சைக்கிள் ஆரக்கம்பியாலும் இரும்பறுக்கும் வாளின் தகட்டாலும் ஆயவை. இரண்டு மாதத்தில் சுமார் 200 வடிவங்களைச் சோதித்தனர். நூறாண்டுக்கு மேலாகப் பலரும் கையாண்டுவந்த காற்றழுத்த எண்ணொன்று மெய்யினும் மிகுதியானது என்பது வெளிப்பட்டது. பெரியோர் எழுதியது ஆதலின் பிழையிராது என்று கைகட்டி நின்றிருப்பின் அவர்கள் நான்காவது கிளைடரையும் மணலிலேயே முட்டியிருப்பர். பெரியோரை அவமதித்தனரோ எனின், அதுவுமன்று. லிலியெந்தாலை வில்பர் இறுதிவரை போற்றினார்; அவரைப் போற்றிய வண்ணமே அவரது கணக்கைச் சரிபார்த்தார்.

தம் கணக்கின்படி செய்த 32 அடிக் கிளைடர் 1902-இல் நினைத்தவாறே எழுந்தது. அசையாதிருந்த பின்சுக்கானை அசையுமாறு செய்யலாம் என்பது ஆர்வில் கண்ட வழி. சிறகு முறுக்கும் கயிற்றோடு அதனையும் பிணைக்கலாம் என்பது வில்பர் கூட்டியது. இரண்டே நாளில் 250 முறைக்குமேல் வழுக்கிப் பறந்தனர். மிக நீண்டது 622 அடி. மேலும் கீழும், வலமும் இடமும், சாய்தலும் நிமிர்தலும் ஆகிய மூன்றும் ஆள்பவன் கைக்குள் வந்தன. எஞ்சின் இன்னும் வாங்கப்படவில்லை. ஆயினும் பறத்தல் என்னும் அரும்பொருள் அன்றே கைகூடியது எனலாம்.

உடன்பிறந்தார் ஒற்றுமையையும் ஈண்டுக் கூறல் வேண்டும். இருவரும் ஒருபொருளைப் பற்றி உரத்த குரலில் மணிக்கணக்காக வாதிடுவர். வாதம் முடியுங்கால் அண்ணன் தம்பியின் கட்சியையும், தம்பி அண்ணன் கட்சியையும் பற்றிக்கொண்டிருப்பர். வென்றவர் யார் என்பதை அவர்கள் எண்ணியதில்லை. பாகப்பிரிவினை வழக்கிற் பட்டறையும் வீடும் இழக்கும் நம் குடும்பங்கள் இதனைச் சிந்திப்பனவாக.

எஞ்சினும் எழுச்சியும்

இலேசான எஞ்சின் வேண்டிப் பல தொழிற்சாலைகட்கு எழுதினர், ஏற்றது கிடைத்திலது. அவர்கள் கடையில் ஊழியம் செய்த சார்ல்ஸ் டெய்லர் என்னும் தொழிலாளி, கடையிலுள்ள கருவிகளையே கொண்டு ஆறே வாரத்தில் 12 குதிரைத்திறனுள்ள எஞ்சினைச் செய்து தந்தார். அதன் உடற்பகுதி அலுமினிய வார்ப்பு. சுழல்விசிறிக்குக் கப்பலின் விசிறிக் கணக்கு உதவுமென நினைத்தனர், உதவவில்லை. விசிறி என்பது சுற்றிச் சுற்றிப் பறக்கும் சிறகே என்று உணர்ந்து, காற்றுப்பெட்டிக் கணக்கால் அதனை வரைந்து, மரப்பலகைகளை ஒட்டிக் கைக்கருவிகளால் செதுக்கினர். 8½ அடி நீளமுள்ள அவ்விரு விசிறிகளையும் எஞ்சினோடு இணைத்தவை சைக்கிளில் உள்ளவை போன்ற சங்கிலிகள். ஒரு சங்கிலியைக் குறுக்கே மாற்றிப் பூட்ட, விசிறிகள் எதிரெதிராகச் சுழன்றன.

அதே காலத்தில் ஸ்மித்ஸோனியன் கழகத்தின் தலைவராகிய லாங்லி என்னும் பேரறிஞர், யுத்த இலாகா அளித்த 50,000 டாலரைக் கொண்டு ஒரு விமானம் செய்தார். அவரது எஞ்சின் ரைட் சகோதரரதைவிடப் பன்மடங்கு வலியது. ஆயின் அதனைச் செலுத்தியவர் முன்னர்க் கிளைடரிற் பயின்றவர் அல்லர். 1903-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாளும் டிசம்பர் 8-ஆம் நாளும் அது படகின் மேலிருந்து ஏவப்பட்டு, இருமுறையும் போடோமாக் ஆற்றில் வீழ்ந்தது. ரைட் சகோதரர் தம் விமானத்துக்குச் செய்த செலவு 1000 டாலருக்குள் அடங்கும்.

டிசம்பர் 14-ஆம் நாள் யார் முதலில் ஏறுவது என்று காசு சுண்டினர். வில்பருக்கு வாய்த்தது. அவர் மூக்கை மிகுதியாக உயர்த்திவிட, ஊர்தி மூன்றரைக் கணம் எழுந்து மணலில் இறங்கிச் சிறிது முறிந்தது. பழுது பார்த்து 17-ஆம் நாள் மீண்டும் முயன்றனர். குளம்குட்டை உறைந்த குளிர்; கடுங்காற்று; கண்டவர் அவ்வூரார் ஐவர். இம்முறை ஆர்விலின் முறை. 10 மணி 35 நிமிடத்துக்கு ஊர்தி தானே எழுந்து 12 விநாடி பறந்து 120 அடி சென்றிறங்கியது. மாறிமாறி நான்குமுறை பறந்தனர். நான்காம் முறை வில்பர் 59 விநாடியில் 852 அடி சென்றார். பின் ஒரு சுழற்காற்று நிறுத்தியிருந்த ஊர்தியைப் புரட்டி நொறுக்கிற்று. அது பின் ஒருநாளும் பறக்கவில்லை. பறக்க வேண்டிய தேவையும் இல்லை.

உலகம் உடனே நம்பிற்றில்லை. 1904-லும் 1905-லும் தம் ஊருக்கு அருகே ஒரு மாட்டு மேய்ச்சல் நிலத்தில், மாடுகளை ஒருபுறம் ஓட்டிவிட்டுப் பயின்றனர். 1904 செப்டம்பர் 20-ஆம் நாள் வில்பர் முதன்முதலாக வட்டமிட்டுப் பறந்ததை நேரிற் கண்டு விரிவாக எழுதி வெளியிட்டது பெரும் பத்திரிகையன்று. தேனீ வளர்ப்போர்க்கென ரூட் என்பவர் நடத்திய சிறு பத்திரிகையே. நம் சங்கத்துத் தாளைப் போன்ற சிறு தாள்களையும் இகழ்தல் ஆகாது என்பதற்கு இஃதொரு சான்று. 1905 அக்டோபர் 5-ஆம் நாள் வில்பர் நிலத்தில் இறங்காமலே 24 மைல் பறந்தார்.

1908-ஆம் ஆண்டு விமானத்தோடு பிரான்சு தேசம் சென்றார். பெட்டிகளைத் திறந்தபோது உறுப்புக்கள் பல நொறுங்கிக் கிடந்தன. வாரக்கணக்காகத் தம் கையாலேயே செப்பனிட்டார். ஒருநாள் எஞ்சினின் குழாய் கழன்று கொதிநீர் பாய்ந்து இடக்கை வெந்தது. விமானக் கொட்டகையிலேயே உண்டு உறங்கினார். ஆகஸ்டு 8-ஆம் நாள் லெமான் நகரருகே இரண்டு நிமிடத்துக்கும் குறைவாகவே பறந்தார். அதுவரை அவரைப் பொய்யர் என்றவர் பலர் அன்றே பிழைக்கிரங்கினர். அவ்வாண்டின் இறுதிநாளில் 2 மணி 20 நிமிடம் வானில் நின்றார்.

இழப்பும் குறையும்

பறத்தல் உயிரோடு ஆடும் ஆட்டம் என்பதை மறைத்தல் நேர்மையன்று. அதே 1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 17-ஆம் நாள், அமெரிக்காவில் ஆர்வில் ஓட்டிய விமானத்தின் விசிறி பிளந்து ஊர்தி வீழ்ந்தது. உடன்சென்ற ஸெல்ஃபிரிட்ஜ் என்னும் இளம் இராணுவ அதிகாரி இறந்தார். ஆர்விலின் தொடையும் விலாவும் முறிந்தன. ஆசிரியப் பணியிலிருந்த காதரின் அப்பணியை விட்டு ஓடிவந்து அண்ணனைப் பேணிப் பிழைப்பித்தார். இருவரும் ஒருங்கே ஒரு விமானத்தில் ஏறலாகாது என்பது தந்தையின் கட்டளை. 1910 மே 25-ஆம் நாள் ஒரேயொரு முறை, அவர் இசைவு பெற்று, அண்ணனும் தம்பியும் ஆறு நிமிடம் சேர்ந்து பறந்தனர். அன்றே 81 ஆண்டு நிறைந்த தந்தையாரையும் ஆர்வில் வானில் ஏற்றிச் சென்றார்.

வில்பரின் இறுதியாண்டுகள் இன்பமாகக் கழிந்தில. சிறகு முறுக்கும் முறைக்கு 1906-இல் பெற்ற உரிமைப் பத்திரத்தைக் காக்க வழக்குமேல் வழக்குத் தொடுத்தார். உழைத்துக் கண்டவர் உரிமை கோருதல் முறையே. ஆயினும் பட்டறையில் இருக்கவேண்டிய கைகள் நியாயஸ்தலங்களில் தங்கிவிட்டன. புதியன காணும் வேலை நின்றது. அதே காலத்தில் பாரிஸ் நகரில் வாழ்ந்த பிரேஸில் நாட்டினர் ஸாண்டோஸ் டுமோன், தாம் இயற்றிய டெமுவாஸெல் என்னும் சிறு விமானத்துக்கு உரிமை கோராது, விரும்பியவர் கட்டிக்கொள்ள விடுத்தார். வீட்டில் விமானம் கட்டுவோர் இவ்விருவர்க்கும் கடன்பட்டவர். ஒருவர் வழி கண்டார். மற்றவர் வழி திறந்தார்.

1912-ஆம் ஆண்டு மே மாதம் 30-ஆம் நாள், முன்பு தம்பியை வருத்திய அதே குடற்சுரத்தால் வில்பர் 45-ஆம் வயதில் தம் இல்லத்திலேயே உயிர்நீத்தார். மணம் புரியாதவர். காற்றும் உயரமும் கொல்லாத அவரை நோய்க்கிருமி கொன்றது. ஆர்வில் 1948-ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார்.

இளைஞர்க்கு

இளைஞர்காள்! வினவினீரே, எங்ஙனம் தொடங்குவது என்று. வில்பர் தொடங்கிய முறையே இன்றும் முறை. அமெரிக்காவில் 1953-இல் இதற்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. இன்று ஆயிரக்கணக்கானோர் வீட்டிலே விமானம் கட்டுகின்றனர். வேலையிற் பாதிக்குமேல் தாமே செய்திருத்தல் வேண்டும் என்பதும், அரசாங்கத்தார் சோதித்து ஒப்புதல் வேண்டும் என்பதும், குறித்த மணிநேரம் தனியே பறந்து சோதித்த பின்னரே பிறரை ஏற்றலாம் என்பதும் அங்குள்ள விதிகள். நம் நாட்டிலும் அரசாங்க விமானத் துறையின் அனுமதியின்றி எவரும் பறத்தல் கூடாது.

ஆதலின் முதலிற் படியுங்கள். அடுத்து, தக்க ஆசிரியரிடம் பறக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தாம் கட்டிய ஊர்தியிலேயே பறத்தலை முதன்முதல் கற்க முயல்வது இரண்டு அறியாமைகளை ஒருங்கே சுமப்பதாகும். பின்னர் ஒரு சிறகெலும்பை மட்டும் செய்து, பாரம் ஏற்றி முறிய விட்டுப் பாருங்கள். அது முறிந்த இடத்தைக் கண்டு நாணாமல், ஏன் முறிந்தது என்று எழுதி வையுங்கள். செய்ததை அறிந்தவரிடம் காட்டி, அவர் காட்டும் பிழையைப் பகையாகக் கொள்ளாதீர். எஞ்சினை இறுதியில் வாங்குங்கள். மாடியிலிருந்து குதித்துப் பார்க்கும் துணிவு துணிவன்று. நான்காண்டு காத்திருக்கும் துணிவே துணிவு.

பெற்றோர்களே! நம்முள் படித்த பிள்ளை பட்டறைக்குள் நுழைய நாணுகின்றான். பட்டறைப் பிள்ளை நூலைத் தொட அஞ்சுகின்றான். இவ்விரண்டையும் வளர்த்தவர் நாமே. ஸூஸன் அம்மையாரின் உளியும் மில்ட்டன் ரைட்டின் நூலும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. நூலுள்ள வீட்டில் ஒரு கருவிப்பெட்டியும், கருவியுள்ள வீட்டில் ஒரு நூலடுக்கும் இவ்வாண்டே வைப்போமாக. 1969-ஆம் ஆண்டு மனிதன் சந்திரனில் அடிவைத்தபோது, வில்பர் 59 விநாடி பறந்த அவ்வூர்தியின் துணித்துண்டும் மரத்துண்டும் உடன் கொண்டுசெல்லப்பட்டன. அவை சைக்கிள் கடையொன்றில் இருவர் கைப்பட வெட்டியும் செதுக்கியும் ஆக்கியவை.